காரை: திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு செம்மண் பாலை

அமெரிக்காவில் இருக்கும் எங்கள் அத்தை பையன் போன மாதம் குடும்ப குரூப்பில் நாற்பது போட்டோ அனுப்பினான். லாஸ் வேகாஸ் பக்கத்தில் ரெட் ராக் கேன்யன் என்று ஒரு இடம். பாலைவனம், சிவப்புப் பாறை, நீல வானம். 1990ல் அதைத் தேசியப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்து, உள்ளே போய்வர வட்டமாக ரோடு போட்டு வைத்திருக்கிறார்கள். டைனோசர் காலத்து மணல்மேடுகள் இறுகிப் பாறையான இடமாம். "நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க?" என்று கடைசியில் ஒரு வரி வேறு!

நம்ம ஊரிலும் இருக்கிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பைக்கில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டம், காரை கிராமம். காரைக்கும் கொளக்காநத்தத்துக்கும் நடுவில் கிடக்கும் அந்த வெற்று நிலத்தை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். பரங்கிமலையின் சார்னக்கைட் பாறை, திருவக்கரை கல்மரங்கள், சாத்தனூர் கல்மரம், அப்புறம் இந்தக் காரை.

நான் படிப்பது வரலாறு. கல்லைப் பார்க்கப் போகிறேன் என்றதும் வகுப்பில் சிரித்தார்கள். கல்வெட்டு என்றால் சரி, வெறும் கல்லுக்கு என்னடா வரலாறு என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை நெடுஞ்சாலையில் சமயபுரம், சிறுகனூர் தாண்டினால் பாடாலூர். அங்கிருந்து கிழக்கே திரும்பினோம். கொஞ்ச தூரம் பருத்தி, மக்காச்சோளம், கருவேலம். திடீரென்று பச்சை நின்றுவிடுகிறது. கண்ணுக்கு எட்டிய வரை செம்பழுப்பு நிறத்தில் மேடும் பள்ளமுமாக மண். ஒவ்வொரு மேட்டின் பக்கவாட்டிலும் மழைநீர் அறுத்த நூற்றுக்கணக்கான ஓடைகள், கிழவி கன்னத்துச் சுருக்கம் மாதிரி. சில இடத்தில் மஞ்சள், சில இடத்தில் சாம்பல், நடுநடுவே வெயிலில் கண்ணாடித் துண்டு போல எதுவோ மின்னுகிறது. கண்ணாடி இல்லை, ஜிப்சம். காலை பத்து மணிக்கே தரை கொதித்தது.

ஆனால் இது நிஜப் பாலைவனம் இல்லை. பக்கத்து வயலுக்குப் பெய்கிற அதே மழைதான் இங்கேயும் பெய்கிறது. அப்படியானால் ஏன் ஒன்றும் முளைக்கவில்லை? காரணம் மண்ணில் இருக்கிறது. இது கடலடிக் களிமண். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அடுத்த மழையில் மேல்தோல் கரைந்து ஓடிவிடும். வேர் பிடிப்பதற்குள் நிலமே நகர்ந்துவிடுகிறது. இந்த மாதிரி நிலத்தைப் புவியியலில் 'பேட்லேண்ட்ஸ்' என்கிறார்கள். பாலை என்பது தனி நிலமல்ல, முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் என்று சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் சொன்னதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இங்கே திரிந்திருப்பது முல்லையும் இல்லை, குறிஞ்சியும் இல்லை. நெய்தல்!

ஆமாம், கடல். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்த இடத்துக்கு மேலே கடல் இருந்தது. அண்டார்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டிக்கிடந்த இந்தியா பிய்த்துக்கொண்டு கிளம்பியபோது கிழக்கு ஓரத்தில் தரை உடைந்து இறங்கியது. அந்தப் பள்ளம்தான் காவிரிப் படுகை, அதில் கடல் ஏறி வந்தது. மலைக்கோட்டையும் அதைச் சுற்றியுள்ள கெட்டிப் பாறையும் அதைவிடப் பலமடங்கு பழையவை. ஆனால் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான அந்தப் பாறையில் ஒரு சிப்பியைக்கூடத் தேடி எடுக்க முடியாது. ஊட்டத்தூர் பக்கம் வந்தால் அந்தக் கெட்டிப் பாறை முடிந்து கடல் படிவு தொடங்குகிறது. ஊட்டத்தூர் சுத்தரத்தினேஸ்வரர் கோயிலுக்குப் போய்வந்தவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். கிட்டத்தட்ட பழைய கடற்கரையில் நின்றுவிட்டு வந்திருக்கிறீர்கள்.

அந்தக் கடலில் இருந்தவை காரைக் களிமண்ணில் இன்றும் கிடக்கின்றன. பெரும்பாலும் பெலம்னைட். துப்பாக்கி ரவை மாதிரி, விரல் பருமனில் கூர்மையாக இருக்கும். இன்றைய கணவாயின் தூரத்து உறவான ஒரு பிராணியின் உள் ஓடு அது. அடுத்தது அம்மோனைட். நத்தை ஓடு போலச் சுருண்டது, ஆனால் நத்தை இல்லை, இதுவும் கணவாய்க் குடும்பம்தான். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த சமயத்தில் அம்மோனைட்டும் உலகத்திலிருந்தே போய்விட்டது.

இந்த இடத்தில் ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு ஒரு விஷயம். உங்கள் வீட்டுப் பூஜையில் சாளக்கிராமம் இருக்கிறதா? கருப்பாக, உருண்டையாக, உடைந்த பக்கத்தில் சக்கரம் தெரியும் கல். நேபாளத்தில் கண்டகி நதியில் கிடைப்பது. அந்தச் சக்கரம் அம்மோனைட்தான். 108 திவ்யதேசங்களில் ஒன்றான சாளக்கிராமத்தைத் திருமங்கையாழ்வார் பாடியிருக்கிறார். இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே இருந்த கடலில் வாழ்ந்த பிராணி, காரை அம்மோனைட்டைவிடச் சில கோடி ஆண்டு மூத்தது. வடக்கு உத்திர வீதியில் இருக்கும் என் பெரியம்மா தினமும் சாளக்கிராமத்துக்குத் திருமஞ்சனம் செய்கிறவர். இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். "அப்படின்னா பெருமாள் அவ்வளவு காலமா இருக்கார்னு சொல்றே" என்று முடித்துவிட்டார். இதற்கு மேல் என்ன பேசுவது :)

நான் சொல்ல வந்தது வேறு. இமயத்துச் சுருளை இத்தனை நூற்றாண்டாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் நாம். அதே குடும்பத்துச் சுருள் ஐம்பது கிலோமீட்டரில் கிடந்தது. அதை எடுத்து, எண் போட்டு, படம் வரைந்து, உலகத்துக்குச் சொன்னவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். அந்தக் கதை சுவாரஸ்யமானது.

1840களில் சி.டி. கே, புரூக் கன்லிஃப் என்று இரண்டு கம்பெனி அதிகாரிகள். பாறை அவர்களுக்கு உத்தியோகம் இல்லை, பொழுதுபோக்கு. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி என்று மூன்று பக்கத்திலிருந்தும் கல்லான சிப்பிகளைச் சேகரித்து லண்டன் புவியியல் கழகத்துக்கு அனுப்பினார்கள். அவற்றை ஆராய்ந்து 1846ல் அறிக்கை வெளியிட்டவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ். இந்தியாவுக்கு வராதவர். பெட்டியில் வந்ததை வைத்தே இது கிரிட்டேஷியஸ் காலத்துக் கடல் என்று சொல்லிவிட்டார்.

அடுத்து வந்தவர்தான் நிஜமான ஆள். ஹென்ரி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு, 1851ல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் இளைஞர். 1857 முதல் 1860 வரை தென்னாற்காட்டிலும் திருச்சி ஜில்லாவிலும் ஊர் ஊராக நடந்து வரைபடம் போட்டார். ஆண்டைக் கவனியுங்கள். வடக்கே சிப்பாய்கள் எழுந்து கம்பெனி ஆட்சியே கவிழும் நிலையில் இருந்தபோது, இவர் இங்கே ஓடைகளில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்! ஆனால் அவர் செய்தது வெறும் பொறுக்கல் இல்லை. எந்த அடுக்கு கீழே, எந்த அடுக்கு மேலே, எந்த ஓடையில் எந்தச் சிப்பி என்று எல்லாவற்றையும் எழுதிவைத்தார். 1862ல் வந்த அவரது நூலில் இந்தப் பாறைகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அடியில் ஊட்டத்தூர், நடுவில் திருச்சிராப்பள்ளி, மேலே அரியலூர். 160 ஆண்டுக்கு மேலாகியும் அந்த மூன்று பெயர்களும் ஆய்வுக் கட்டுரைகளில் நிற்கின்றன. ஜப்பானிலோ மடகாஸ்கரிலோ அதே காலத்துப் பாறையை ஆராய்கிறவர் தன் அம்மோனைட்டை ஊட்டத்தூர் அம்மோனைட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். (இதே பிளான்ஃபோர்டுதான் 1875ல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவர். கல்லைப் பார்த்து முடித்ததும் மழையைப் பார்க்கப் போய்விட்டார்.)

அவர் கொண்டுபோன குவியலை விவரித்து எழுதும் வேலை பெரும்பாலும் ஒருவர் தலையில் விழுந்தது. ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, மொராவியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில், 1838ல் பிறந்தவர். 1862ல் கல்கத்தா வந்து ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அம்மோனைட், நத்தை, சிப்பி, பவளம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, கல்லச்சுப் படங்களோடு தென்னிந்திய கிரிட்டேஷியஸ் உயிர்கள் பற்றிய பெரும் தொகுதிகளை 1873 வரை வெளியிட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்துக்குப் பக்கம் நம்ம ஊர்ப் பெயர்கள். ஊட்டத்தூர், மருவத்தூர், ஒதியம், கருடமங்கலம், அரியலூர். எழுத்துக்கூட்டல்தான் ஒரு மாதிரியாக இருக்கும், அந்தக் கால வெள்ளைக்காரர் காது! அதே ஆண்டு யார்க்கண்டுக்குப் போன அரசுத் தூதுக்குழுவோடு கிளம்பினார். திரும்பும் வழியில், 1874 ஜூனில், லடாக்கின் உயர்ந்த கணவாய்களைக் கடந்தபோது மூச்சு முட்டி இறந்துபோனார். வயது 36. லேயில் அவருக்குக் கல்லறை இருக்கிறது.

அவருக்குப் பின் வியன்னாவில் ஃபிரான்ஸ் கோஸ்மாட் என்பவர், டாக்டர் வார்த் திருச்சிப் பக்கம் சேகரித்ததை வைத்து 1895 முதல் 1898 வரை எழுதினார். இன்று அம்மோனைட் வகைகளில் ஃபோர்பெசிசெராஸ், ஸ்டோலிச்கையா, கோஸ்மாட்டிசெராஸ் என்றெல்லாம் பெயர் உண்டு. நம்ம மண்ணில் கிடந்ததைப் படித்தவர்களின் பெயர்கள். முதலில் எடுக்கப்பட்ட மாதிரிகள் லண்டனிலும் கொல்கத்தாவிலும் பத்திரமாக இருக்கின்றன.

இதில் எனக்குக் கோபம் வரவேண்டுமா என்று யோசித்தேன். நம்ம சொத்தை அள்ளிக்கொண்டு போனார்கள் என்று எழுதிவிட்டால் கைதட்டல் கிடைக்கும். அந்த மூன்று மாவட்ட மக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும், வேலைக்கு வந்த கூலிக்காரர்களின் பெயர் ஏன் ஒன்றுகூடப் பதிவில் இல்லை என்பதெல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அவர்கள் எடுத்தபோது விலாசத்தோடு எடுத்தார்கள். இந்த ஊர், இந்த அடுக்கு என்று. அதனால்தான் அது இன்றும் பேசுகிறது. இன்று நாம் எடுப்பதில் அது இல்லை.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் நான்கு பேர். ஒருவன் அரைமணி நேரத்தில் பேன்ட் பாக்கெட் நிறைய பெலம்னைட் சேர்த்துவிட்டான். தங்கைக்கு, ரூம்மேட்டுக்கு, ஹாஸ்டல் மேஜைக்கு என்று கணக்கு. "டேய், வேண்டாம்டா" என்றேன். "வெள்ளைக்காரன் கப்பல்ல ஏத்திட்டுப் போனான், அவனைப் பெருமையா பேசுறே. நான் நாலு எடுத்தா தப்பா?" என்றான். நல்ல கேள்வி. எங்கள் பாடத்திலிருந்தே பதில் சொன்னேன். ஸ்ரீரங்கம் கோயில் கல்வெட்டுகளுக்காகவே தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் ஒரு முழுத் தொகுதி இருக்கிறது, 24ஆம் தொகுதி. ஒவ்வொரு கல்வெட்டுக்கும் முதலில் கொடுத்திருப்பது அது எந்தப் பிராகாரத்தில், எந்தச் சுவரில் இருக்கிறது என்பதை. திருப்பணியில் சுவரைப் பிரித்து, கல்லை மாற்றி அடுக்கிவிட்டால், பாதி வரி ஒரு பக்கம் மீதி இன்னொரு பக்கம் என்று ஆகிவிடும். எழுத்து இருக்கும், சேதி போய்விடும். இதுவும் அப்படித்தான். காரையில் எந்த மட்டத்தில் எந்த உயிர் மறைகிறது, எது புதிதாக வருகிறது என்பதை வைத்துத்தான் கடல் எப்போது ஆழமானது, எப்போது பின்வாங்கியது என்று சொல்கிறார்கள். ஹாஸ்டல் மேஜையில் போய் உட்கார்ந்துவிட்டால் அது பேப்பர் வெயிட்.

கொஞ்ச நேரம் முனகிவிட்டு, "சரி, திருப்பி வச்சிடறேன்" என்றான். எங்கே வைப்பது? எது எந்த ஓடையில் கிடந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. எல்லா ஓடையும் ஒரே மாதிரி. கடைசியில் ஒரு மேட்டடியில் மொத்தமாகக் கொட்டினான். வருங்காலத்தில் யாராவது அந்தக் குவியலைப் பார்த்து ஆராய்ச்சிக் கட்டுரை எழுதாமல் இருக்கவேண்டும்! (மேற்பரப்பில் கிடப்பது ஏற்கெனவே மழையில் கொஞ்சம் உருண்டு வந்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓடையில் உருள்வது வேறு, திருச்சிக்கு உருள்வது வேறு.)

விலாசம் தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணமே நம்ம பக்கத்தில் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து, யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் 1980களின் கடைசியில் ஒரு டைனோசரை அறிவித்தார்கள். பெயர் புருகத்காயோசாரஸ். பிருஹத் காயம், அதாவது பேருடல். கால் எலும்பு ஒன்றே சுமார் 2 மீட்டர் நீளம்! உலகத்தில் நடந்த மிகப்பெரிய பிராணிகளில் ஒன்றாக இருந்திருக்கலாம். 'இருந்திருக்கலாம்' என்றுதான் சொல்லமுடியும். ஏனென்றால் அந்த எலும்புகள் இன்று இல்லை. ஈரம் ஏறிய எலும்புகள், எடுத்துக் கட்டிய உறைக்குள்ளேயே பொடிந்துபோயின. பல ஆண்டுகள் அது எலும்பே இல்லை, கல்லான மரம் என்றுகூடச் சந்தேகித்தார்கள். 2022ல்தான் பழைய புகைப்படங்கள் சில வெளியாகி, எலும்புதான் என்ற தரப்புக்கு வலு வந்தது. போட்டோவும் குறிப்பும் இல்லாவிட்டால் அந்தப் பேருடலுக்கு நம்மிடம் ஒரு பெயர் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

இதற்கு நேர்மாறான கூத்தும் நடக்கும். 2020ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டை என்று உருண்டைக் கற்களின் படம் வாட்ஸாப்பில் பறந்தது. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகிய உருண்டைகள் என்று பிறகு புவியியலாளர்கள் விளக்கினார்கள். முட்டை இல்லை என்றதும் கூட்டம் கலைந்துவிட்டது. அம்மோனைட் என்றால் சும்மாவா என்று யாரும் கேட்கவில்லை.

சுண்ணாம்புக்கல் கதையையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அதே பழைய கடலின் பவளமும் சிப்பியும்தான் இன்று சிமென்ட். 1939ல் கல்லக்குடியில் டால்மியா ஆலை வந்தது. ஊரின் பெயரையே டால்மியாபுரம் என்று மாற்றியதை எதிர்த்து 1953 ஜூலை 15 அன்று கலைஞர் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சண்டை ஊரின் பெயருக்காக. ஊருக்கு அடியில் இருந்த கடலைப் பற்றி அன்று பேச்சே இல்லை, இன்றும் அதிகம் இல்லை. ஆனால் ஒன்று, சுரங்கம் தோண்டியதால்தான் மறைந்திருந்த அடுக்குகள் வெட்டவெளிச்சமாகி, ஆய்வாளர்களுக்குச் சுவர் போல நின்றன. அழிவும் அறிவும் ஒரே குழியில் இருக்கின்றன. எனக்கு இதில் ஒரு பக்கம் சாய முடியவில்லை. அரியலூரில் பாதி வீட்டுக்கு அடுப்பு எரிவது அந்த ஆலைகளால், லாரிகளால்.

காரையில் சுரங்கம் பிரச்சினை இல்லை. அங்கே பிரச்சினை நாம்தான். யூடியூபில் 'தமிழ்நாட்டின் கிராண்ட் கேன்யன்' என்று வீடியோ வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பைக்கை மேட்டில் ஏற்றி ரீல்ஸ் எடுக்கிறார்கள், டயர் பட்ட இடத்தில் களிமண் மேல்தோல் உடைந்து பொடியாகக் கிடக்கிறது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு தாத்தாவிடம் பேசினோம். அவர் சின்னப் பையனாக இருந்தபோது காலை வைத்தால் ரவைக்கல் குத்துமாம், இப்போது தேடித்தான் பார்க்கவேண்டியிருக்கிறது என்றார். எங்கள் பாக்கெட்டையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். தொல்லியல் சின்னங்களைக் காக்க 1958லேயே சட்டம் வந்துவிட்டது. புவியியல் சின்னங்களுக்கு அப்படி ஒன்று கொண்டுவர மத்திய அரசு வரைவு மசோதா வெளியிட்டதே 2022 டிசம்பரில்தான்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், செருப்பு களிமண்ணோடு போய்விடும், எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் வெறுங்காலோடு வந்தார். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், நிழல் அறவே கிடையாது. பைக்கை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடங்கள். ஏதாவது கண்ணில் பட்டால், கிடந்த இடத்திலேயே பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். போனில் லொக்கேஷனை ஆன் செய்துகொண்டு எடுத்தால் விலாசமும் சேர்ந்துவிடும். அப்புறம் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அப்படியே சாத்தனூருக்கும் ஒரு நடை போய்விடலாம். 1940ல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம், 18 மீட்டர் நீளம், படுத்துக்கிடக்கிறது. பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தலைவரான முதல் இந்தியர் அவர். மரத்தைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள். காவலரிடம் கேட்டால் கதை சொல்வார். நாங்கள் போனபோது மணி மூன்று, பசி வேறு, பாடாலூர் வந்துதான் சாப்பாடு கிடைத்தது.